மாஸ்டரின் வலது கால்

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். மிதித்த காலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. சொல்லியிருந்தால் அது நம் மாஸ்டரின் வலது காலைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருந்திருக்கும்.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர். சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் என்பதெல்லாம் வெளியே இருக்கும் பலகையில்தான். உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த ஒரு படம். மற்றதெல்லாம் வாசலில் நிற்கிற வெள்ளைக் காரில் நடக்கும். அந்தக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோலவே பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். மிதித்தால் 'கீ' என்று ஒரு ஒலிப்பான் அலறும். நிறுத்தியது நீ இல்லை, பக்கத்தில் இருப்பவர் என்று ஓட்டுகிறவருக்குச் சொல்வதற்காக அந்த ஏற்பாடு.

மற்ற மாஸ்டர்கள் அந்தப் பெடலை ஆபத்துக்குத்தான் தொடுவார்கள். நம்மவர் எதிரே பேருந்து வந்தால் மிதிப்பார். வராவிட்டால், வரக்கூடும் என்று மிதிப்பார். ஓரமாக ஒரு நாய் படுத்துத் தூங்கினால், அது எழுந்து ஓடிவந்துவிட்டால் என்ன செய்வது என்று மிதிப்பார். மாணவர்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'சடன் பிரேக்'. அது அவருக்கும் தெரியும். உள்ளூர அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. இத்தனை வருஷத்தில் அவர் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. எதிர்த் தெருவில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிற 'கூலிங்கிளாஸ்' மாஸ்டரின் காரைப் போய்ப் பாருங்கள், நசுங்கிய டப்பா மாதிரி இருக்கும்.

கார் நின்ற பிறகும் அந்தக் கால் நிற்காது. மேஜை விளிம்பில் யாராவது டம்ளரை வைத்தால் கால் தரையை அழுத்தும். டிவியில் எவனாவது மாடிப்படியில் ஓடி இறங்கினால் அழுத்தும். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பாதி நேரம் மனைவியின் பாதம்தான் அகப்படும்.

"வீட்டுலயாவது விடுங்களேன். என் கால் என்ன பெடலா?" என்பாள் அவள்.

அவர் காரில் ஏறி உட்கார்ந்தால் அடுத்த திருப்பத்துக்குள் தூங்கிப்போகிற ஒரே மனுஷி அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள். முதலில் களைப்பு என்றாள். வேலை அதிகம், அதனால்தான் என்றாள். அவரும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி மெதுவாகப் பேசிக்கொண்டே போக, நாற்காலிக்கு அடியில் மாஸ்டரின் வலது கால் தரையை மிதித்தது. தன் பலம் முழுவதையும் கொடுத்து மிதித்தது. அந்தத் தரையில் பெடல் இல்லை. டாக்டர் பேச்சை நிறுத்தவில்லை, நோயும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அவரும் மகளும்தான். மாடியில் அக்கா இருக்கிறாள், அவரைவிட எட்டு வயது மூத்தவள். முழங்காலில் வலி, வாயில் இல்லை.

மகள் நர்ஸ். ஆஸ்பத்திரி வார்டில் வேலை. வேலை பிடித்திருந்தது, வார்டு பிடிக்கவில்லை. வாசலைத் தாண்டிப் போன நோயாளி அப்புறம் என்ன ஆனார் என்றே தெரிவதில்லை என்று குறைப்படுவாள். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள், வடக்கே மலைப்பக்கம் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, ஒரு நாள் முழுக்கப் பயணம், வீடு வீடாகப் போய் நடக்க முடியாதவர்களைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் வேலை, கார் அவர்களே கொடுப்பார்கள், லைசென்ஸ் மட்டும் வேண்டும்.

மாஸ்டரின் கால் மேஜைக்கு அடியில் அழுந்தியது. "சரிம்மா, பார்க்கலாம்" என்றார். ஊருக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவர் வீட்டில் ஒரு லைசென்ஸ் இல்லை என்பது அதுவரை யாருக்கும் உறைக்கவே இல்லை. எங்கே போக வேண்டுமானாலும் அப்பா கொண்டுபோய் விடுவார், அப்பா வந்து கூட்டி வருவார். அவளுக்கு எதற்கு லைசென்ஸ்?

அவள் நன்றாகவே ஓட்டினாள். நோயாளிக்கு ஊசி போட்ட கை, ஸ்டீயரிங்கில் பதறவில்லை. வேறு மாணவியாக இருந்தால் மாஸ்டர் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டிருப்பார். ஆனால் மகளாயிற்றே. வெறும் தெருவில் ஒலிப்பான் அலறியது. சிக்னலில் பச்சை விழுந்து அவள் நகர்த்தினால் அலறியது. "அப்பா, அங்க யாருமே இல்லப்பா" என்பாள். "இருந்திருந்தா?" என்பார் அவர்.

லைசென்ஸ் டெஸ்டில் ஒரு விதி உண்டு. ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் மாஸ்டர் உட்கார வேண்டும், தேர்வு அதிகாரி பின் சீட்டில் இருப்பார். மாஸ்டர் ஒரு தடவை பிரேக்கைத் தொட்டாலும், வாயைத் திறந்து ஏதாவது சொல்லிக் கொடுத்தாலும், ஒலிப்பான் ஒரு தடவை முனகினாலும், ஓட்டுகிறவர் ஃபெயில். ஏன் எதற்கு என்ற கேள்வி கிடையாது. மாணவர்களை டெஸ்டுக்குக் கூட்டிப் போகும்போது மாஸ்டர் தொடையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எப்படியோ சமாளித்துவிடுவார். மகளின் முதல் டெஸ்டில் கை காலைப் பிடித்திருந்தது, கால் கையையும் இழுத்துக்கொண்டு போய் மிதித்தது. ஒரு சைக்கிள்காரர் கை காட்டி ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இரண்டாவது டெஸ்டில் அந்தச் சைக்கிள்காரரும் இல்லை. காற்றில் ஒரு காகிதப் பை பறந்தது.

"ஏன் சார், உங்க பொண்ணுக்கு லைசென்ஸ் கிடைக்கக் கூடாதுன்னு வேண்டுதலா?" என்று கேட்டார் அதிகாரி. அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். மகள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள். "அப்பா, அந்த வேலைய மழைக்காலம் வரைக்கும்தான் எனக்காக வச்சிருப்பாங்க. அதுக்குள்ள இன்னும் ரெண்டு டெஸ்ட் தேதிதான் இருக்கு. நான் எதிர்த் தெரு மாஸ்டரோட கார்ல போய்க்கறேன்."

"அந்தக் கூலிங்கிளாஸா?"

"ஆமா. அவர் டெஸ்ட் முடியற வரைக்கும் போன் பாத்துக்கிட்டு இருப்பாராம். எனக்கு அதுதான் வேணும்."

மாஸ்டருக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது, ஏனென்றால் அவள் குரல் உடைந்து அழ ஆரம்பித்திருந்தாள். "உங்க மேல கோபம் இல்லப்பா. நீங்க பக்கத்துல உட்காரணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா நான் போகக் கூடாதுன்னு உங்க கால் முடிவு பண்ணிடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் சொன்னார். "ஒரே ஒரு தடவை குடும்மா. ரெண்டுல ஒண்ணு எனக்கு. அதுலயும் மிதிச்சிட்டேன்னா, கடைசி டெஸ்டுக்கு அவனோடயே போ. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள். பெற்ற கடன் என்பார்கள். பிறந்த கடன் என்றும் ஒன்று இருக்கிறது போலும்.

இப்போது அக்காவின் முழங்காலுக்கு வருவோம். நூலகத்துக்கு மேல்மாடியில் காலை வேளையில் யோகா வகுப்பு நடந்தது. டாக்டர் போகச் சொன்னதால் அக்கா போனாள். மாஸ்டர்தான் காரில் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்து கூட்டி வருவார். டெஸ்டில் தோற்ற வாரம் அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து யோகா டீச்சரே இறங்கி வந்துவிட்டாள்.

அவளைப் பார்த்ததும் மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அவருடைய பழைய மாணவி. சாதாரண மாணவி இல்லை, 'ஃபர்ஸ்ட் கியர்'. எத்தனை மாதம் படித்தும் முதல் கியரைத் தாண்டாதவள். இரண்டாவது கியர் என்றால் கை நடுங்கும். அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தே தனக்குப் பாதி முடி நரைத்தது என்று மாஸ்டர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். கடைசியில் அவள் கார் வேண்டாம் என்று முடிவெடுத்துச் சைக்கிள் வாங்கிக்கொண்டாள்.

"உள்ள வாங்க மாஸ்டர். சும்மா படியில உட்கார்ந்திருக்கறதுக்குப் பாய்ல படுங்களேன்."

மாஸ்டர் எழுந்து நேராக விஷயத்துக்கு வந்தார். "ஏம்மா, கால் மிதிக்காம இருக்கறதுக்கு ஏதாவது ஆசனம் இருக்கா?"

"அப்படி ஒண்ணு இல்லையே. ஏன், எந்தக் கால்?"

அவர் சொல்வதற்குள் மேலேயிருந்து அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், காகிதப் பை உட்பட.

அப்படித்தான் மாஸ்டர் பாயில் ஏறினார். பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரிதான் அதைச் செய்தார். குனியச் சொன்னால் மற்றவர்களைவிடக் கீழே குனிவார், இடுப்பு பிடித்துக்கொள்ளும். மூச்சை மெதுவாக விடச் சொன்னால் முகம் சிவக்கிறவரை விடுவார். "மாஸ்டர், இது டெஸ்ட் இல்ல" என்பாள் டீச்சர். "தெரியும்மா" என்று இன்னும் கொஞ்சம் குனிவார். தலைகீழாக நின்றாவது காலைத் திருத்தியே தீருவது என்று அவருக்கு ஒரு வெறி. நிற்க அவள் விடவில்லை.

எல்லாம் முடிந்து கடைசியில் சவாசனம். மல்லாந்து படுத்து, கையையும் காலையும் அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். அதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் உண்டா? அக்காவின் குறட்டை முதல் நாளே அறையை நிரப்பியது. மாஸ்டரின் இடது பாதம் பக்கவாட்டில் சாய்ந்தது. வலது பாதம் மட்டும் கூரையைப் பார்த்து விறைத்துக்கொண்டு நின்றது. சுவர் பக்கத்தில் பாயைப் போட்டிருந்த நாளில் சுவரை மிதித்தது. டீச்சர் பாயை நடுவில் இழுத்துப் போட்டாள். காற்றை மிதித்தது.

"கால விடுங்க மாஸ்டர்."

"விட்டுட்டேனே."

"விடல. மிதிச்சிட்டிருக்கீங்க."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஆமாம். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷமாக மிதிக்கிற காலுக்குச் சொந்தக்காரர், அது மிதிக்கிறது என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"இப்ப என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். மிதிக்குதுன்னு தெரிஞ்சுக்கங்க. அது போதும். நிறுத்தணும்னு அதோட சண்டை போடாதீங்க. சண்டை போட்டா ரெண்டு காலாலயும் மிதிப்பீங்க."

இது என்ன வைத்தியம் என்று மாஸ்டருக்கு எரிச்சலாக வந்தது. முதல் கியரைத் தாண்டாதவள் தனக்குச் சொல்ல வந்துவிட்டாள். ஆனால் வேறு வழி இல்லை, டெஸ்ட் தேதி நெருங்கியது. தெரிந்துகொள்ள ஆரம்பித்தார். பல் தேய்க்கும்போது கால் மிதித்தது. தெரிந்தது. மகள் போனில் மலைப்பக்கத்து ஆபீசோடு பேசும்போது மிதித்தது. தெரிந்தது. மாணவர்களோடு போகும்போது, பெடலை அழுத்துவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் வயிறு சில்லென்று ஆவதைக் கண்டுபிடித்தார். முதலில் வருவது அந்தச் சில்லிப்பு, கால் அதற்குப் பின்னால்தான் வருகிறது. பயத்தின் பிடி காலில் இல்லை, வயிற்றில் இருக்கிறது என்பது அவருக்குப் புதுச் செய்தி.

ஒரு நாள் காலை வெளியே மழை இல்லாமல் மேகம் மட்டும் நின்றிருந்தது. சவாசனத்தில் படுத்திருந்தார். வயிறு சில்லிட்டது. கால் விறைத்தது. ரோடு இல்லை, வண்டி இல்லை, மகள் ஆஸ்பத்திரியில் பத்திரமாக வேலையில் இருக்கிறாள். பிறகு எதைப் பார்த்துப் பயம்? அவர் சும்மா அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார், மூச்சு போனது, வந்தது. அப்போது டாக்டரின் அறை வந்தது. வெளிச்சத்தில் பிடித்த படம், பக்கத்து நாற்காலியில் மனைவி, மடியில் கைப்பை. அந்தத் தரையைத்தான் இன்னமும் மிதித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. களைப்பு என்று அவள் சொன்ன அன்றே நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தாமல் விட்டோமே, அதனால் இனி எதையும் விடக் கூடாது என்று முன்பு வெறும் பழக்கத்துக்கு மிதித்த அந்தக் கால் மூன்று வருஷமாக ராப்பகலாக வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. அவள் போய்விட்டாள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

அவர் சொன்னார். வாய்விட்டு இல்லை, உள்ளுக்குள். போயிட்டா. நிறுத்தறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல.

வலது பாதம் மெல்லச் சாய்ந்தது. கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. காரியம் நடந்த நாட்களில்கூட இப்படி அழாத மனுஷன், பொது இடத்தில், பாயில் மல்லாந்து கிடந்து, தேம்பித் தேம்பி அழுதார். எழுந்து துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. பக்கத்துப் பாயில் குறட்டை நின்றிருந்தது. வாய் ஓயாத அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கையை நீட்டித் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் மணி அடிக்கும் நேரம் தாண்டியும் மணி அடிக்கவில்லை.

வீடு திரும்பும்போது காரில் பாதி வழி வரைக்கும் அக்கா பொறுத்தாள். அப்புறம் முடியவில்லை. "ஏன்டா தம்பி, நீ மூக்க உறிஞ்சற சத்தத்துல எனக்கு ஒரு நல்ல தூக்கம் போச்சுடா."

"அது தூக்கம் இல்லக்கா, யோகா."

"எதுவா இருந்தா என்ன, போனது போனதுதானே" என்றாள் அக்கா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அதோடு கால் குணமாகிவிட்டது என்று நினைத்தால் அது தப்பு. மறுநாளே ஒரு தபால்காரரைப் பார்த்து மிதித்தார். மாஸ்டர் ஓடிப்போய் டீச்சரிடம் புகார் சொன்னார். "பழைய பழக்கம் இல்லையா, ஒரேயடியாப் போகுமா?" என்றாள் அவள். "வரட்டும் மாஸ்டர். வந்தா வந்துட்டுப் போகட்டும்."

மூன்றாவது டெஸ்ட் நாள் வந்தது. மகள் வெள்ளைக் காரில் ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைச் சரிசெய்தாள். ஒரு தடவை அப்பாவின் காலைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். பின் சீட்டில் அதே அதிகாரி ஏறி உட்கார்ந்து, "என்ன சார், இன்னைக்காவது ஊர் சுத்திப் பார்க்க விடுவீங்களா?" என்றார்.

மாஸ்டர் தொடையைப் பிடித்துக்கொள்ளவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டார். முதல் சிக்னலில் வயிறு சில்லிட்டது. தெரிந்தது. மூச்சை விட்டார். சில்லிப்பு வந்த வழியே போனது. ஒரு சைக்கிள், ஒரு குப்பை வண்டி, பந்தைத் துரத்திக்கொண்டு ஓரத்தில் வந்து நின்ற ஒரு குழந்தை. குழந்தைக்கு மகளே வேகத்தைக் குறைத்தாள், அவர் நினைப்பதற்கு முன்னாலேயே குறைத்தாள். இவள் எவ்வளவு அழகாக ஓட்டுகிறாள் என்று அன்றைக்குத்தான் அவர் பார்த்தார். அதுவரை அவர் ரோட்டைத்தான் பார்த்திருக்கிறார், மகளைப் பார்த்ததே இல்லை.

சாலை முடிந்து மைதானத்துக்கு வந்தார்கள். கடைசிப் பாடம். நட்டு வைத்த பிளாஸ்டிக் கம்பங்களுக்கு நடுவில் பின்னோக்கி எடுத்து நிறுத்த வேண்டும். கம்பம் சாய்ந்தால் ஃபெயில். ரிவர்ஸ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் தைரியத்தில் ஸ்டீயரிங்கை ஒரு கணம் தாமதித்து ஒடித்தாள். மாஸ்டர் தன் பக்கத்துக் கண்ணாடியில் கம்பத்தைப் பார்த்தார். நெருங்குகிறது. அவளுக்குத் தெரியவில்லை. கம்பத்தின் சிவப்பு வெள்ளைப் பட்டை கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது.

வயிறு சில்லிட்டது. பாதம் தரையிலிருந்து எழும்பியது. வாயும் திறக்கப் பார்த்தது. மிதித்தாலும் ஃபெயில், சொன்னாலும் ஃபெயில், விட்டாலும் ஃபெயில். முந்தைய மாஸ்டராக இருந்தால், எப்படியும் ஃபெயில்தானே, காரிலாவது கீறல் விழாமல் இருக்கட்டும் என்று மிதித்திருப்பார். எழும்பிய பாதத்தை மாஸ்டர் பார்த்தார். பயப்படாதே, ஒரு பிளாஸ்டிக் கம்பம், அவள் கம்பம், அவள் இடிக்கட்டும் என்று அதனிடம் சொன்னார். பாதம் பெடலைத் தொடாமல் தரையில் இறங்கி உட்கார்ந்தது.

டொக்.

கம்பம் சாய்ந்து உருண்டது. ஒலிப்பான் சத்தம் போடவில்லை. அதிகாரி பெருமூச்சு விட்டுவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். மகள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"அப்பா, அந்தக் கம்பத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்ப பாத்தீங்க?"

"நீ ஒடிக்கறதுக்கு முன்னாடியே."

"பாத்துட்டுமா மிதிக்கல?"

"மிதிக்கலம்மா." அவர் வலது காலைத் தட்டிக் காட்டினார். "மிதிக்க வந்துச்சு. அப்புறம் உன் டெஸ்டுன்னு விட்டுட்டேன்."

மகளின் முகம் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தார், அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், சீட் பெல்ட்டைக் கழற்றாமலேயே எட்டி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "இது நானா ஃபெயில் ஆனதுப்பா! முதல் தடவையா நானே ஃபெயில் ஆயிட்டேன்!"

வெளியே அதிகாரி கம்பத்தைக் கையில் தூக்கிக்கொண்டு குழம்பிப்போய் நின்றார். "என்னங்க இது, பாஸ் ஆனவங்ககூட இவ்வளவு கொண்டாடறதில்ல" என்றார்.

காரின் பின்பக்கம் ஒரு கீறல் விழுந்திருந்தது. மாஸ்டர் அதை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

வீட்டு வாசலில் அவர் காரை நிறுத்திவிட்டு, கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டு, "அப்ப கடைசி டெஸ்டுக்குக் கூலிங்கிளாஸ்கிட்ட நானே போய்ச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

"எதுக்கு?" என்றாள் மகள். "நீங்க எங்க போகப்போறீங்க?"

கடைசி டெஸ்டுக்கும் அப்பாதான் போனார். அவள் பாஸ் ஆனாள். கம்பங்களுக்கு நடுவில் கார் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. அதிகாரி மகளை விட்டுவிட்டு மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மழைக்காலம் தொடங்கும் முன் மகள் கிளம்பினாள். வேலைக்குக் கொடுத்திருந்த காரை மலைக்கு ஓட்டிப்போக அந்த ஆபீசிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். கிளம்புகிற காலையில் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து, போர்வை, குடை, வலிக்குத் தடவுகிற மருந்து என்று வண்டியை நிரப்பினாள். "அத்தை, நான் போறது வேலைக்கு, போருக்கு இல்ல" என்றாள் மகள். மாஸ்டர் டயர்களைப் பார்த்தார், எண்ணெயைப் பார்த்தார், விளக்குகளைப் போடச் சொல்லிப் பார்த்தார். பார்க்க வேறு எதுவும் மிச்சமில்லாதபோது மகளைப் பார்த்தார்.

"பக்கத்து சீட் காலியா இருக்குப்பா. பாதி தூரம் வர்றீங்களா? பஸ்ல திரும்பிடலாம்."

அவள் மனதாரத்தான் கேட்டாள். அவருக்கும் போக வேண்டும்போல இருந்தது, கால்கூட ஒரு அடி எடுத்து வைத்தது. "இல்லம்மா, இன்னைக்கு யோகா இருக்கு" என்றார். அக்கா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். அன்றைக்கு வகுப்பு கிடையாது. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. அக்கா வாயைத் திறக்காமல் இருந்தது அவள் வாழ்நாளிலேயே இரண்டாவது தடவையாக இருக்கும்.

கார் தெருமுனையில் சிக்னல் போட்டுத் திரும்பி மறைந்தது. மாஸ்டர் உள்ளே போய்க் கூடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். அன்று முழுவதும் வயிறு எத்தனையோ தடவை சில்லிட்டது. கால் எத்தனையோ தடவை விறைத்தது. வந்தால் வரட்டும் என்று இருந்தார். பசி வந்தபோது சாப்பிட்டார். அக்கா வந்து டிவியைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

விளக்கேற்றும் நேரத்துக்குப் போன் வந்தது.

"வந்து சேர்ந்துட்டேன்பா."

"சரிம்மா."

"மலை ஏறும்போது ஒரு எடத்துல தப்பான ரோட்டுல திரும்பிட்டேன். ஒரே பனி. ரொம்ப தூரம் போன பிறகுதான் தெரிஞ்சுது. ஒரு பக்கம் பள்ளம் வேற."

பாதம் தரையில் அழுந்தியது. எந்த ரோடு, எந்த வளைவு, எந்த கியரில் ஏறினாய், ஹார்ன் அடித்தாயா என்று கேள்விகள் வரிசை கட்டி நாக்கில் நின்றன. இங்கே எந்தப் பெடலை அழுத்தினாலும் அந்த மலையில் எதுவும் நிற்காது. நிற்கவும் வேண்டாம். அவள் ஏற்கெனவே கடந்து போயிருக்கிறாள். அத்தனை வளைவுகளிலும் அவர் இல்லை, அத்தனை வளைவுகளிலும் அவள் இருந்திருக்கிறாள்.

"அப்புறம்?" என்று மட்டும் கேட்டார்.

"அப்புறம் என்ன, எடம் பாத்து வண்டியத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்."

மாஸ்டருக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தன. இரண்டையும் அடக்கவில்லை. மறுமுனையில் அவள் கூப்பிட்டாள். "அப்பா? லைன்ல இருக்கீங்களா? பயந்துட்டீங்களா?"

"பயந்துட்டேன்டா" என்றார் அவர். "பரவால்ல, நீ மேல சொல்லு."